மூடி வண்டி

எங்கள் குடியிருப்பில் பத்து மாதம் வண்டிகளை அடுக்கியவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். வேறு யாரும் எழுதப் போவதில்லை. எழுதினாலும் பாதியை விட்டுவிடுவார்கள், ஏனென்றால் மீதிப் பாதி எனக்குத்தான் தெரியும். நான் இந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் குமாஸ்தா. எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு மேல் இருக்கும். "நீ வாயை மூடினா வீட்டுல கரண்ட் போச்சோன்னு தோணுது" என்பார் என் வீட்டுக்காரர். அந்த வாய் மூடியிருந்த ஒரு நாளைப் பற்றியும் இதில் வரும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, காவலர் பதிவேட்டில் இருக்கிறது. இருபது வீட்டிலும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘டிப்போ’. எங்களிடம் வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். டிரைவர் இல்லை. ஓட்டம் முடிந்து உள்ளே வரும் பஸ்ஸை டிரைவரிடமிருந்து வாங்கி, கழுவ விட்டு, பிறகு வரிசையில் நிறுத்துவதுதான் அவர் வேலை. காலையில் எது முதலில் கிளம்புமோ அது முதலில் வெளியே வருகிற மாதிரி நிறுத்த வேண்டும். ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவே ஒரு உள்ளங்கை நுழையும், அவ்வளவுதான் இடைவெளி. இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர் ஒரு பயணியைக்கூட ஏற்றியதில்லை, டிப்போ கேட்டைத் தாண்டியதில்லை. "மூணாவது கியர் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிச் சிரிப்பார். முன்பல் ஒன்று இல்லாததால் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார்.

டிப்போவை ஊருக்கு வெளியே மாற்றியபோது அவரால் போக முடியவில்லை. மனைவிக்கு முழங்காலில் கோளாறு, தினமும் அவ்வளவு தூரம் தனியாக விட்டுவிட்டுப் போகப் பயம். எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் மோட்டார் அறையை ஒட்டி, ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. காவல் வேலைக்கு அந்த அறையும் சேர்த்தி என்றதும் இருவரும் வந்துவிட்டார்கள். அறை வாசலில் மேஜை போட்டு அந்த அம்மா எங்கள் வீட்டுத் துணிகளுக்கெல்லாம் இஸ்திரி போட்டார். நின்றபடி செய்யும் வேலை, ஆனால் நான்கு அடி நடந்தால் கட்டில். அவருடைய காலுக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

அவர்கள் வந்த மூன்றாம் மாதம் திருட்டு ஆரம்பித்தது. முதலில் இரண்டாம் மாடிப் பல் டாக்டரின் கார். பின்கதவை ஒட்டி முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறதல்லவா, அதை உடைத்து, கையை விட்டுக் கதவைத் திறந்து, சாவகாசமாக சீட்டில் உட்கார்ந்து, டாஷ்போர்டில் பதித்திருந்த வழி காட்டும் திரையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தான். ஒரு ஒயரைக்கூட அறுக்கவில்லை, எல்லாவற்றையும் பிளக்கோடு உருவி ஓரமாக வைத்திருந்தான். சீட்டில் கிடந்த கூலிங் கிளாஸை அவன் தொடவே இல்லை. டாக்டர் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான்கூட இவ்வளவு சுத்தமா பிடுங்க மாட்டேன்" என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த ஏழு வாரத்தில் இன்னும் நான்கு கார். சிரிப்பு போய்விட்டது. காவல் நிலையத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து சுற்றிப் பார்த்துவிட்டுச் சில யோசனைகள் சொன்னார். திரையின் ஓரத்தில், வெளியே தெரிகிற மாதிரி, வண்டி எண்ணைப் பொறித்து வையுங்கள், அதை வாங்கி விற்கிறவன் தயங்குவான். ஸ்டீயரிங்குக்குக் கண்ணில் படுகிற மாதிரி இரும்புப் பூட்டு போடுங்கள். திரையை ஆன் செய்தால் நான்கு இலக்க ரகசிய எண் கேட்கும்படி வையுங்கள், எண் தெரியாதவனுக்கு அது வெறும் கண்ணாடித் துண்டு. "இதெல்லாம் செஞ்சாலும், அவனுக்குத் தேவை பத்து நிமிஷம்மா. கதவைத் திறந்து உள்ள உட்கார பத்து நிமிஷம் கிடைச்சா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு சங்கக் கூட்டம். பறிகொடுத்தவர்களுக்கு ஆத்திரம், மற்றவர்களுக்கு அடுத்தது நாமோ என்ற பயம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஆள் வேண்டியிருந்தது, கதவருகே டிப்போ நின்றுகொண்டிருந்தார். தூங்கியிருப்பான் என்றார் ஒருவர். திருடனுக்குத் துப்புக் கொடுத்திருப்பான் என்றார் இன்னொருவர். பொருளாளர் ஒரு தீர்மானம் சொன்னார், அதைக் கச்சிதமாக எழுதிக் கொடுத்தவள் நான். ‘இனி நம் குடியிருப்பில் எந்த வண்டியின் கண்ணாடி உடைந்தாலும் காவலர் அன்றே பணி நீக்கம் செய்யப்படுவார், அறையை ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும்.’ நோட்டில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு இட்டு, ஒரு பிரதி எடுத்து அவர் அறைச் சுவரில் ஒட்டச் சொன்னேன். என் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று பள்ளியில் பெயர். அன்று அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது.

மறுநாள் காலை அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து, சாப்பாட்டு மேஜையில் இருந்த சோப்பு டப்பாக்களை எடுத்து ஒன்றை ஒன்று ஒட்டி வைத்தார்.

"திருடன் உட்காரணும்மா. நின்னுக்கிட்டு அதைக் கழட்ட முடியாது. உட்காரவே விடாம பண்ணிட்டா?"

"எப்படி?"

"முதல் வண்டியை இடது பக்கம் சுவரோட ஒட்டி நிறுத்துவேன். வலது பக்கமா இறங்கிக்குவேன். அடுத்த வண்டியை அதோட வலது பக்கத்துல ஒட்டி நிறுத்துவேன். முதல் வண்டிக் கதவு திறக்காது. இப்படியே பதினோரு வண்டியும். ஒரு உள்ளங்கைதான் போகும். அதுல ஆள் எங்க நுழையறது, கண்ணாடியை எங்க உடைக்கிறது?"

"கடைசி வண்டி திறந்துதானே இருக்கும்?" என்றேன். சும்மா விடுவேனா?

அவர் கடைசி சோப்பு டப்பாவைத் தட்டினார். "அதுதான் மூடி. அதுல திருட ஒண்ணும் இருக்கக் கூடாது. உங்க வண்டியில என்னம்மா இருக்கு? ரேடியோ. அதுவும் பாடாது."

என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் சொன்னது சரி. எங்கள் கார் பதினெட்டு வருடத்துக் கிழம், வழி காட்டவும் தெரியாது, வழி விடவும் தெரியாது.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. கேட்டுக்கு உள்பக்கம் ஒரு பலகை அடித்து, வீட்டு எண் எழுதிய கொக்கிகள் மாட்டினார். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கியதும் சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். சீக்கிரம் போகிறவர்கள் மூடிக்குப் பக்கத்தில், தாமதமாகப் போகிறவர்கள் சுவர்ப் பக்கம். எல்லார் ஸ்டீயரிங்கிலும் இரும்புப் பூட்டு போட வைத்தார், என் கிழ வண்டியையும் விடவில்லை. "வரிசையில ஒண்ணு மட்டும் பூட்டு இல்லாம நின்னா அசிங்கமா இருக்கும்மா" என்றார். அந்தப் பூட்டுச் சாவியும் கார்ச் சாவியோடு ஒரே வளையத்தில். ரகசிய எண் வைக்காதவர்களை வீடு வீடாகப் போய் வைக்க வைத்தார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவதற்கு முன் சக்கரத்தை நேராகத் திருப்பி வைக்காமல் இறங்க மாட்டார். டிப்போப் பழக்கம்.

பத்து மாதம். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. பக்கத்துத் தெருவில் இரண்டு குடியிருப்பில் திரைகள் போயின, எங்களிடம் யாரும் வந்த தடயமே இல்லை. அவரைத் தூங்கினான் என்று சொன்ன அதே ஆள், வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் வரிசையைக் காட்டிப் பெருமை பேசினார். சுவரில் ஒட்டிய தீர்மானத்தை மட்டும் யாரும் கிழிக்கச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று வண்டியை எடுக்கப் போனேன், வரிசை கலைந்துவிடும் என்று அவர் முகம் சுளித்தார். "நேரம் சொல்லிட்டு எடுத்தா நல்லாருக்கும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "என் வண்டியை நான் எடுக்க உங்ககிட்ட லீவ் லெட்டர் கொடுக்கணுமா?" என்று கத்தினேன். நான் திரும்பி வந்ததும் வழக்கம்போல என் வண்டியை மூடியாக நிறுத்தி, சக்கரத்தை நேராக்கி, பூட்டி, சாவியை எங்கள் வீட்டின் பதினாலாம் கொக்கியில் மாட்டினார்.

மறுநாள் ஞாயிறு, மதியம் சாப்பாடு முடிந்து தையல் நூல் வாங்கக் கடைக்கு நடந்து கிளம்பினேன். கேட்டருகே பலகையைப் பார்த்ததும் நேற்றைய வீம்பு திரும்ப வந்தது. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு வண்டி தேவையே இல்லை. அவர் தேடட்டும், தேடிவிட்டு என்னிடம் வந்து கேட்கட்டும் என்று எடுத்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. இஸ்திரி அம்மாவும் மூன்றாம் மாடி டீச்சரும் சொன்னதைச் சொல்கிறேன்.

மூன்றாம் மாடியில் வங்கிக்காரர் குடும்பம். அவருக்கு நாற்பத்தெட்டு வயது, மனைவி டீச்சர். திங்கள்கிழமைகளில் வங்கிக்காரர்தான் முதலில் கிளம்புவார், அதனால் அவர் வண்டி மூடிக்கு அடுத்தது. மதியம் மூன்று மணிக்கு முன்னால், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டார். வாய் ஒரு பக்கம் கோணியது, இடது கை தொங்கிவிட்டது. டீச்சர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார், வர அரை மணி ஆகும் என்றார்கள். பக்கத்து வீட்டார் இருவர் அவரை நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். ஒருவர் வாடகை வண்டி பிடிக்கத் தெருமுனைக்கு ஓடினார், ஞாயிறு மதியத்தில் ஒன்றும் இல்லை.

டிப்போ பலகைக்கு ஓடினார். பதினாலாம் கொக்கி காலி. நான்கு மாடி ஏறி எங்கள் வீட்டு மணியை அடித்தார். என் வீட்டுக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து வீடு முழுக்கத் தேடினார். இரண்டு பேரும் மாற்றி மாற்றி எனக்குப் போன் செய்தார்கள். போன் பையில், சத்தம் அணைத்து வைத்தது, நூல் கடைக்காரியோடு நான் அவள் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பக் கீழே ஓடி வந்தபோது டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு, "அண்ணா, ஏதாவது பண்ணுங்கண்ணா" என்று அழுதார்.

இஸ்திரி அம்மா கையில் சூடான பெட்டி. டிப்போ அதைப் பிடுங்கிக்கொண்டு போய் அதன் பின்பக்கத்தால் என் வண்டியின் முக்கோணக் கண்ணாடியில் அடித்தார். ஒரே அடி. கையை விட்டுக் கதவைத் திறந்து, கியரை நியூட்ரலில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தார். ஸ்டீயரிங்கில் இரும்புப் பூட்டு, இம்மியும் திரும்பாது. ஆனால் சக்கரம் நேராக இருந்தது. நான்கு பேர் சேர்ந்து நேரே முன்னால் தள்ளினார்கள். வங்கிக்காரர் வண்டியின் கதவு திறந்தது.

ஓட்டத் தெரிந்த ஆள் யாரென்று பார்த்தால், டீச்சருக்குத் தெரியாது, தூக்கி வந்த இருவருக்கும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது, மற்ற வீடுகளுக்கு ஏறி இறங்க நேரமில்லை. டிப்போவே உட்கார்ந்தார். கேட்டைத் தாண்டி ஒரு வண்டியை ஓட்டுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் அவருக்குத் தெரியாது. டீச்சருக்குப் பதற்றத்தில் இடது வலது புரியவில்லை. வண்டியை ஆன் செய்ததும் திரை ரகசிய எண் கேட்டது. அந்த எண் வங்கிக்காரருக்கு மட்டும்தான் தெரியும், அவருக்கோ வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. டீச்சர் எதை எதையோ அழுத்திப் பார்த்தார். அப்போது வங்கிக்காரர் தன் வலது கையை மெல்லத் தூக்கி, ஒவ்வொரு எண்ணாக, நான்கையும் தானே அழுத்தினார். நான்காவதை அழுத்திவிட்டுத் தலை சாய்ந்துவிட்டது என்றார் டீச்சர்.

பத்து மாதம் அந்தத் திரைகளைக் கண்கொத்திப் பாம்பாகக் காத்தவர், அதில் ஒன்று பேசி அன்றைக்குத்தான் கேட்டார். இடது பக்கம் திரும்பு என்றால் திரும்பினார், நேராகப் போ என்றால் போனார். முழு வழியும் இரண்டாவது கியர். எஞ்சின் அலறியது, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவர் மூன்றாவது கியருக்குக் கையையே கொண்டுபோகவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார். பிறகு, கையைப் பற்றிக் கேட்டபோது, "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்து, டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான் நாலரை மணிக்கு நூலோடு திரும்பினேன். நடுவழியில் என் வண்டி, கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. "எந்தப் பாவிடா என் வண்டியை உடைச்சது?" என்று நான்கு மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். இஸ்திரி அம்மா நொண்டிக்கொண்டே வந்தார். "நாங்கதாம்மா" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பையைத் தோளில் மாட்டியிருந்தேன், சாவி உள்ளே இருந்தது. அந்த அம்மா என்னிடம் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாடி ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "சாவி உன்கிட்டயா இருந்துச்சு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் அவசரக் கூட்டம். டீச்சர் ஆஸ்பத்திரியில், வரவில்லை. இவன் அடுக்கி வைத்ததால்தான் இந்த நிலை என்றார் ஒருவர். வண்டிகளை அடுக்கச் சொல்லி நாம் எப்போது தீர்மானம் போட்டோம் என்றார் விருந்தாளிகளிடம் பெருமை பேசியவர். பொருளாளர் நோட்டை வாங்கி என் வாக்கியத்தை உரக்கப் படித்தார்.

"கண்ணாடியை உடைச்சது யாரு?"

"நான்தான் சார்."

"சாவிப் பலகை உன் பொறுப்புதானே? பதினாலாம் நம்பர் சாவி எங்க போச்சு?"

டிப்போ என் பக்கம் திரும்பவே இல்லை. "தேடினேன் சார். அந்த நேரத்துக்குக் கைக்குக் கிடைக்கலை" என்றார்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. டீச்சர் முகம் நினைவுக்கு வந்தது, இந்தப் பத்தொன்பது வீட்டுக்காரர்களும் நாளை என்னைப் படியில் பார்த்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பயம். வெட்கம்கூட இல்லை, வெறும் பயம். பணி நீக்கம் என்று எழுதினேன், அதே மணிமணியான எழுத்தில்.

வியாழக்கிழமை அவர்கள் போனார்கள். இரண்டு பெட்டி, ஒரு கட்டில், இஸ்திரி மேஜை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். போவதற்கு முன் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து சக்கரங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஒரு நிறுவனத்திலிருந்து சீருடைக் காவலர் வந்தார், கேமரா வந்தது. வண்டிகளை அவரவர் இஷ்டத்துக்கு நிறுத்தினோம். ஆறு வாரத்தில் இரண்டு திரை போனது. கேமராவில் தொப்பி தெரிந்தது, முகம் தெரியவில்லை.

வங்கிக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சு கொஞ்சம் குழறலாகத் திரும்பிவிட்டது, இடது கை திரும்பவில்லை. மாலையில் வராந்தாவில் உட்கார்ந்து, அந்தக் கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து, வலது கையால் அதன் விரல்களை மூடி மூடித் திறப்பார். ஒரு நாள் நான் பார்க்கப் போனபோது டீச்சர் டிப்போவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்த அண்ணன் இல்லையென்றால் இவர் இல்லை என்றார். "சாவியை யாரு எடுத்ததுன்னு ஆஸ்பத்திரியிலயே அண்ணன்கிட்ட கேட்டேன்க்கா. விடுங்கம்மா, முதல்ல சார் எழுந்திரிக்கட்டும்னு சொல்லிட்டார்."

"நான்தான் எடுத்தேன்" என்றேன். ஏன் எடுத்தேன் என்பதையும் சொன்னேன், நூல் கடையையும் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து உள்ளே போனார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசியதும் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நானே நோட்டிலும் எழுதினேன். டிப்போவைத் திரும்ப அழைப்பது என்று முடிவாயிற்று. விசாரித்துக்கொண்டு நானே தேடிப் போனேன். மொத்தக் காய்கறிச் சந்தையில் லாரிகளை வரிசைப்படுத்துகிறார் என்று சொன்னார்கள். பிற்பகல் வெயிலில், ஒரு லாரியைப் பின்னுக்கு வரச் சொல்லிக் கையாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். தகரக் கொட்டகை ஒன்றில் உட்கார இடம் கொடுத்தார். இஸ்திரி அம்மாவை அங்கே காணவில்லை, கேட்டேன்.

"அவ தங்கச்சி வீட்டுல இருக்காம்மா. இங்க தங்க இடம் கிடையாது. ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வருவேன்."

"அந்தச் சாவியை நான்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றேன்.

"தெரியும்மா. பதினாலு உங்க கொக்கிதானே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களை அனுப்பியிருக்க மாட்டாங்களே!"

அவர் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "உங்களைச் சொல்லிட்டு, என்னுதைச் சொல்லாம இருக்க முடியுமாம்மா?"

"உங்களுது என்ன?"

"நான் உடனே உடைக்கலை." தலையைக் குனிந்துகொண்டார். "உங்க வீட்டுல இருந்து கீழ வந்துட்டேன். அவ கையில இருந்து பெட்டியை வாங்கிட்டேன். வண்டிகிட்ட போய் ஓங்கிட்டேன். கை நின்னுடுச்சும்மா. கண்ணாடி உடைஞ்சா ரூமைக் காலி பண்ணணும்னு நீங்க எழுதினது சுவத்துல ஒட்டியிருந்துச்சே, தினமும் தூங்கி எழுந்தா அதுலதான் முழிப்பேன். அதுதான் கண்ணு முன்னால வந்துச்சு. இவ இந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்க போய் நிப்பான்னு யோசிச்சேன். ரெண்டு நிமிஷம் இருக்கும். சார் நாற்காலியில அப்படிச் சாய்ஞ்சு கிடக்கிறாரு, டீச்சரம்மா அழுவுறாங்க, நான் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். டாக்டர் பத்து நிமிஷம்னு சொன்னாரு இல்லையா? அதுல ரெண்டு என்னுதும்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பெரிய வாயை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்து அழுதேன். "அந்த ரெண்டும் என்னுதுதான்" என்றேன். "அதையும் நான்தானே எழுதினேன்?"

அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை, தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். திரும்ப வரச் சொல்லிக் கேட்டேன். அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறோம், சுவரில் எந்தக் காகிதமும் இல்லை, அம்மாவும் வந்துவிடலாம் என்றேன். விரலில் சுற்றிய கயிற்றை அவர் அவிழ்த்தார்.

"டிப்போவுல ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கிளம்புற நேரம் எழுதியிருக்கும்மா. அதை வெச்சு அடுக்கிடலாம். வீட்டுல இருக்கிறவங்களுக்கு அப்படி எழுதி வெச்சிருக்குமா? அது எனக்கு முதல்லயே தோணியிருக்கணும். வேணாம்மா. லாரியோட இருந்துக்கிறேன்."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. எழுந்தவர் திரும்பி நின்று கேட்டார்.

"சார் கையைத் தூக்குறாரா?"

"இன்னும் இல்லை" என்றேன்.

விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

என் வண்டியின் அந்த முக்கோண ஓட்டைக்கு அட்டை வைத்து ஒட்டியிருக்கிறேன். கண்ணாடி போட்டுவிடு என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். போடவில்லை. கேட்டருகே பலகையை யாரும் கழற்றவில்லை, கொக்கிகள் எல்லாம் காலியாகத்தான் கிடக்கின்றன. பதினாலில் மட்டும் சாவி இருக்கும். கடைக்குப் போனாலும், ஊருக்கே போனாலும், அதை அங்கே மாட்டிவிட்டுத்தான் போகிறேன்.